மூணு இருமல்

அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த பெஞ்சில உட்கார்ந்துட்டு இருமாதீங்க. இருமல் வந்துச்சுன்னா கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை இருக்குது பாருங்க, அங்க போய் இருமிட்டு வாங்க. டீக்கு நான் காசு கொடுக்கிறேன். நோய் தொத்திக்கும்னு சொல்லலைங்க. நம்ம தலைக்கு மேல ஜன்னல் திறந்திருக்குது, பச்சைத் துணி போட்டது. உள்ள என் பொண்ணுக்கு டெஸ்ட் நடந்துட்டிருக்குது. யாராவது இருமினா டெஸ்ட் கெட்டுப்போயிரும்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிச்சா ஒண்ணும் ஆகாது. இருமினாத்தான்.

வாட்டர் ஃபில்டர் சர்வீஸுக்கு வந்தவருங்களா? ஆபீஸ் டீச்சர் பேங்குக்குப் போயிருக்காங்க. வர அரை மணி ஆகும். இந்தாங்க, ரெண்டு கிராம்பு. கடைவாயில ஒதுக்கிக்குங்க. இப்பல்லாம் சட்டைப் பையில டப்பாவோடதான் சுத்தறேன்.

நான் சென்னியப்பன். ராசிபுரத்தில பத்தொம்பது வருஷமா டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன். வெளிய நிக்குதே மஞ்சள் கலர் ஆல்டோ, அது நம்மளுதுதான். நம்மகிட்ட கத்துக்கிட்டு ஃபெயிலானவங்களே கிடையாதுங்க. ஒரே ஒருத்தர் ஆனார். அவர் டெஸ்ட்டுக்கே வரலை.

வெளிய சொல்லிறாதீங்க. வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கிறது வேற, டெஸ்ட் பாஸ் பண்ணக் கத்துக்கொடுக்கிறது வேற. இருபது நாள்ல ஒருத்தரும் வண்டி ஓட்டப் பழக முடியாது. ஆனா பாஸ் பண்ணலாம். கண்ணாடியைப் பார்த்தா மட்டும் பத்தாது, கழுத்தைத் திருப்பிப் பாருங்க, நீங்க பார்க்கிறீங்கன்னு பிரேக் இன்ஸ்பெக்டருக்குத் தெரியணும்னு சொல்லித்தான் அனுப்புவேன். அப்படியும் பதட்டத்தில மறந்துருவாங்க. அதுக்குத்தான் இருமல். அவர் முன்னால உட்காருவார், நான் பின் சீட்டில. ஒரு தடவை இருமினா இண்டிகேட்டர். ரெண்டுன்னா கியர் மாத்து. மூணுன்னா நிறுத்து. ஒரு இன்ஸ்பெக்டர் கேட்டே போட்டார். "ஏப்பா சென்னியப்பா, உனக்கு டெஸ்ட் அன்னிக்கு மட்டும்தான் இருமுமா?" தூசிங்க சார்னேன்.

பொண்ணைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். தாரிகா. பதினோரு வயசு. நாலு வயசிலயே மெடிக்கல் போர்டில அறிவுசார் குறைபாடுன்னு சர்டிபிகேட் கொடுத்துட்டாங்க. எழுபது சதவீதம். கஷ்டம்தான், ஆனா ஒரு விதத்தில எனக்கு அது நிம்மதியா இருந்துச்சுங்க. வாய் திறந்து பேசலையா, அதனாலதான். கூப்பிட்டாத் திரும்பலையா, அதனாலதான். கல்யாண வீட்டில மேளம் அடிச்சா காதைப் பொத்திட்டுத் தரையில படுத்துக்கிட்டாளா, அதுவும் அதனாலதான். எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்.

என் வீட்டுக்காரம்மா கலாமணி எப்பவாவது ஏதாவது சொல்லும். "எதிர்வீட்டுப் பையனுக்கும் இதே சர்டிபிகேட்தானுங்க. அவனுக்கும் பேச்சு வரலை. ஆனா என்னைக் கண்டா ஓடி வந்து கையைப் பிடிச்சு, அவன் வாங்கின புதுச் செருப்பைக் காட்டறான். நம்மளுது இதுவரைக்கும் எனக்கு ஒண்ணையும் காட்டினதில்லை." புள்ளைக்குப் புள்ளை ஒரு மாதிரி இருக்கும்னு சொல்லிட்டு நான் வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிருவேன். ஆறு மணிக்கு லேடீஸ் பேட்ச் இருக்கும். கலாமணி பேசற ஆள் இல்லைங்க. இந்த மாதிரி எப்பவாவது ஒண்ணு சொல்லும், அவ்வளவுதான்.

பாப்பாவுக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணு. இண்டிகேட்டர் சத்தம். நிக்கிற வண்டியில உட்கார வச்சு இண்டிகேட்டரைப் போட்டு விட்டா, டிக் டிக் டிக்னு அது பாட்டுக்கு ஓடும், இவ பாட்டுக்கு உட்கார்ந்திருப்பா. சோறு தண்ணி வேண்டாம். மூஞ்சியைப் பார்க்கணுமே நீங்க, அப்படி ஒரு அமைதி.

போன ஆயுத பூஜை முடிஞ்சு இந்த ஸ்பெஷல் ஸ்கூலுக்கு ஒரு சைக்காலஜிஸ்ட் வந்தாங்க. ஜெபஷீலா மேடம், நாகர்கோவில் பக்கம். சின்ன வயசு. பேரண்ட்ஸ் மீட்டிங் போட்டு, இங்க படிக்கிற நாற்பத்தோரு குழந்தைங்களுக்கும் ஆட்டிசம் அறிகுறி இருக்கான்னு பார்க்கப்போறேன்னாங்க. நான் எந்திரிச்சேன். எந்த மீட்டிங்னாலும் எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டிருவேன்.

"ஏனுங் மேடம், புள்ளைங்களுக்கு ஏற்கெனவே ஒரு பேரு வச்சாச்சு. அது பத்தாதுங்களா?"

"பேரு வைக்க வரல சார்," அப்படின்னாங்க. "உங்க பொண்ணுக்கு வயசு பதினொண்ணு. மனசு வளர்ந்திருக்கது நாலு வயசுக்குன்னு வச்சுக்கிடுங்க. அப்ப நாலு வயசுக் குழந்தை செய்யதையாவது செய்யணும்லா? விழுந்தா அம்மாவைத் தேடணும். நாய் போனா கையைக் காட்டிட்டு, நீங்க பாத்தீங்களான்னு உங்க முகத்தைப் பாக்கணும். அதுவும் இல்லன்னா, நம்ம ஒரு பிரச்சனையைப் பாத்துக்கிட்டே இருந்து, பின்னால நிக்குத இன்னொண்ணை விட்டுட்டோம்னு அர்த்தம். ரெண்டுக்கும் சொல்லிக் குடுக்க முறை வேற."

லாரிக்குப் பின்னால வர்ற பைக் மாதிரின்னு புரிஞ்சுக்கிட்டேன். லாரி போயிருச்சுன்னு நினைச்சுத் திருப்பாதீங்க, பின்னால ஒருத்தன் வருவான்னு தினம் நான் சொல்லிக்கொடுக்கிறதுதானே? நல்லாப் புரிஞ்சுதுங்க. தலையைக்கூட ஆட்டினேன்.

டீ குடிக்கிறப்பத்தான் வேற விஷயம் தெரிஞ்சுது. அறிகுறி இருக்கிற குழந்தைங்களுக்குத் தனியா பின்பக்க ரூமாம். ஆறே பேர். சத்தமே இருக்காது, எல்லாம் படம் வச்சுச் சொல்லிக்கொடுப்பாங்களாம். மத்தவங்களுக்குப் பெரிய ஹால். ஹால்ல பேப்பர் கவர் ஒட்டலாம், மெழுகுவத்தி செய்யலாம், ஆண்டு விழாவுக்கு ஆட்டம் இருக்குது, போட்டோ பேப்பர்ல வரும். என் பொண்ணைப் பின் ரூமில போடறதான்னு இருந்துச்சு எனக்கு. சென்னியப்பன் பொண்ணு ஃபெயிலுன்னா ஊருக்குள்ள எவன் நம்மகிட்ட வந்து எல்.எல்.ஆர். போடுவான்? சிரிக்காதீங்க, அப்ப அப்படித்தான் தோணுச்சு.

எங்களுக்குத் தேதி கொடுத்திருந்தாங்க. ரெண்டு நாள் முன்னாலயே வந்து இந்த ஜன்னல் கிட்ட நின்னேன். இதே ஜன்னல்தான். வரிசையா மூணு குழந்தைங்களுக்கு டெஸ்ட் நடந்துச்சு. பார்த்தா, நம்ம டெஸ்ட் கிரவுண்ட் தோத்துதுங்க. மூணு பேருக்கும் ஒரே வரிசை. முதல்ல பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, திரும்பி முகத்தைப் பார்க்கணும். அப்புறம் சோப்புக் குமிழி விடறாங்க, விரலை நீட்டிக் காட்டணும். கடைசியா ஒரு பொம்மை, ஒரு ஸ்பூன், ஒரு காலி கிண்ணம். பொம்மைக்கு ஊட்டற மாதிரி விளையாடணும். இன்னும் சில்லறையா நாலஞ்சு இருந்துச்சு. ஆனா இந்த மூணுதான் எட்டு போடறது மாதிரி. அது வந்துட்டா மத்தது தானா வந்துரும்னு கணக்குப் போட்டேன்.

பாப்பாவுக்குக் காய்ச்சல்னு ஃபோன் பண்ணி, இருபது நாள் தள்ளி வாங்கினேன்.

இருபது நாளும் ஷெட்டில வண்டிக்குள்ள வச்சுத்தான் டிரெயினிங். ஒரு இருமலுக்கு முகத்தைப் பார்க்கணும், ரெண்டு எண்ணற வரைக்கும் பார்வையை எடுக்கக் கூடாது. ரெண்டு இருமலுக்கு விரலை நீட்டணும். மூணு இருமலுக்கு ஸ்பூனை எடுத்துப் பொம்மை வாயில வைக்கணும். சரியாச் செஞ்சா பத்து செகண்ட் இண்டிகேட்டர். தப்பாச் செஞ்சா கிடையாது. முதல் நாலு நாள் ஒண்ணும் நடக்கலைங்க. அஞ்சாவது நாள் நான் இருமினேன், பாப்பா என் மூஞ்சியைப் பார்த்தா. பதினோரு வருஷத்தில நான் கேட்டு அவ என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இண்டிகேட்டரைப் போட்டவன் அணைக்க மறந்துட்டேன். பேட்டரி இறங்கிப்போய், லேடீஸ் பேட்ச் வண்டியைத் தள்ளினாங்க.

கலாமணி ஷெட்டுக் கதவுகிட்ட நின்னு பார்த்துட்டே இருக்கும். ஒரு நாள் கேட்டுச்சு. "அந்தப் பொம்மைக்குப் பசிக்குதுன்னு அவளுக்குத் தெரியுமுங்களா?"

"அது எதுக்கு? இன்ஸ்பெக்டருக்குத் தெரிஞ்சாப் போதும்."

பெத்தவங்க எழுதித் தரணும்னு ஒரு ஃபாரம் வேற. நாற்பது கேள்வி. மத்த குழந்தைங்களோட சேர்ந்து விளையாடுவாளா, ஆமாம். பிடிச்ச பொருளைக் கொண்டு வந்து காட்டுவாளா, ஆமாம். நானே உட்கார்ந்து எல்லாத்தையும் எழுதினேன். கலாமணி கையெழுத்துப் போடணும்னு கொடுத்தேன். முழுசாப் படிச்சுது. "இது யாரு வீட்டுப் புள்ளைங்க?"ன்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டுது.

டெஸ்ட் அன்னிக்கு நான் மூலையில பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்திருந்தேன். மேடம் "தாரிகா"ன்னு கூப்பிட்டாங்க. நான் இருமினேன். பார்த்தா பாருங்க, டக்குன்னு. குமிழிக்கு ரெண்டு இருமல், விரல் நீண்டுது. பொம்மைக்கு மூணு. மேடம் பாவம், எந்திரிச்சுப் போய் அவங்க ஃப்ளாஸ்க்கில இருந்து எனக்குச் சுடுதண்ணி ஊத்திக் கொடுத்தாங்க. "நெஞ்சு சளியா இருக்கும் சார், டாக்டரைப் பாருங்க"ன்னாங்க. பார்க்கறேனுங்கன்னு குடிச்சேன்.

ஆட்டிச அறிகுறி குறைவு, மேல பரிசோதனை தேவையில்லைன்னு எழுதிட்டாங்க. ஃபுல் மார்க். மேடம் ஒண்ணு மட்டும் சொன்னாங்க. "குமிழியைக் கை காட்டுனா சார். ஆனா குமிழி உடைஞ்சு போனதுக்கப்புறம் காட்டுனா." இண்டிகேட்டரை லேட்டாப் போட்டாலும் போட்டது போட்டதுதானுங்களேன்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேன். ஸ்டாஃப் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன்.

பாப்பா பெரிய ஹாலுக்குப் போனா. முப்பத்தஞ்சு குழந்தைங்க. முதல் மாசம் சத்தம் தாங்காம காதைப் பொத்திட்டு உட்கார்ந்திருந்தாளாம், பழகிரும்னு விட்டுட்டேன். அப்புறம் மார்கழி வந்துச்சு.

இல்லைங்க, இப்ப இருமாதீங்க. இந்தாங்க டப்பா, இன்னொரு கிராம்பு போட்டுக்குங்க.

டைரியில டீச்சர் எழுத ஆரம்பிச்சாங்க. "வேலையை விட்டுவிட்டு எல்லாருடைய முகத்தையும் உற்றுப் பார்க்கிறாள்." மறுநாள், "ஒன்றுமில்லாத இடத்தில் விரலை நீட்டுகிறாள்." அப்புறம், "மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறாள், கவனிக்கவும்." வீட்டுக்கு வந்தா ரெண்டு கையிலயும் பல் பதிஞ்சிருக்கும். ஒரு நாள் ரத்தம். ராத்திரிச் சோறு வேண்டாம்கிறா, வண்டியில உட்கார வச்சாலும் உட்கார மாட்டேங்கிறா. கலாமணி திருஷ்டி சுத்திப் போட்டுது. நான் பழையபடிக்கு அதனாலதான்னு சொல்லிட்டேன். எழுபது சதவீதமாச்சே.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால நானே கூட்டிட்டுப் போக வந்தேன். சீக்கிரம் வந்துட்டேன், ஹால் வாசல்ல நின்னேன். பாப்பா கவர் ஒட்டிட்டிருந்தா. பக்கத்து வரிசையில ஒரு பையன் இருமினான். இவ கவரைப் போட்டுட்டு அவன் மூஞ்சியைப் பார்த்தா. ஒண்ணு, ரெண்டு. எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்தப் பக்கம் ஒரு புள்ளை ரெண்டு தடவை இருமுச்சு. இவ விரலை நீட்டினா, சுவத்தைப் பார்த்து. அப்புறம் சமையல்கார அம்மா மூணு தடவை இருமினாங்க. பாப்பா எந்திரிச்சு பெஞ்சுக்கு அடியில குனிஞ்சு தேடறா. என்னத்தைத் தேடறான்னு டீச்சருக்குத் தெரியலை. எனக்குத் தெரியுமில்லைங்களா? பொம்மையைத் தேடறா.

பனிக்காலம், முப்பத்தஞ்சு குழந்தைங்க. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் இருமிட்டே இருக்காங்க. அத்தனை பேருக்கும் என் பொண்ணு பதில் சொல்லிட்டிருக்கா. காலையில பத்து மணியில இருந்து மூணு மணி வரைக்கும், ஒண்ணு விடாம, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. இண்டிகேட்டர் மட்டும் யாரும் போடலை. எல்லாம் சரியாச் செஞ்சும் ஏன் டிக் டிக் வரலைன்னு அவளுக்குப் புரியலைங்க. அப்பத்தான் கையைக் கடிக்கிறா.

பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் வண்டியில உட்கார வச்சு ஸ்டார்ட் பண்ணினேன். கேட்டைத் தாண்டலை. அணைச்சுட்டு, பாப்பாவையும் கூட்டிட்டுத் திரும்ப உள்ள வந்து மேடம் ரூம் வாசல்ல நின்னேன்.

"மேடம், அன்னிக்கு எனக்கு இருமல் இல்லைங்க."

"எப்ப சார்?"

எல்லாத்தையும் சொன்னேன். ஜன்னல், காய்ச்சல், ஷெட்டு, ஃபாரம், சுடுதண்ணி. திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். ஸ்கூலை விட்டே அனுப்பிருவாங்களோன்னுகூட இருந்துச்சு. அவங்க ஒரு நோட்டை எடுத்து, "ஒண்ணுக்கு என்ன? ரெண்டுக்கு என்ன? மூணுக்கு?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. அப்புறம், "எத்தனை நாள்ல படிச்சா?"

"இருபது நாளுங்க."

"எங்களுக்கு இதுல ஒண்ணு பழக்கவே மூணு மாசம் ஆகும் சார்."

சொல்றதுக்குச் சங்கடமாத்தான் இருக்குது, ஆனா எனக்கு அந்த நேரத்திலயும் கொஞ்சம் பெருமையா இருந்துச்சுங்க.

"படிக்கக்கூடிய பிள்ளை," அப்படின்னாங்க. "அவளுக்குப் பிடிச்சது என்ன, எப்படி சொன்னா ஏறும்னு நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. அதை வச்சு அவளை எங்கிட்ட இருந்து ஒளிச்சீங்க. சரி, போட்டும். பழைய பரிசோதனை செல்லாதுன்னு எழுதுதேன். பொங்கல் கழிஞ்சு மறுபடி பாப்போம். அதுவரைக்கும் வீட்டில யாராவது இருமி அவ பாத்தா, கண்டுக்கிடாதீங்க. இண்டிகேட்டர் போடக் கூடாது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும்னா தினமும் சும்மா கேக்க விடுங்க. எதையும் செஞ்சுட்டுத்தான் கேக்கணும்னு இல்ல."

வீட்டுக்குப் போய்க் கலாமணிகிட்டச் சொன்னேன். "இந்தத் தடவை ஃபாரத்தை நான் எழுதட்டுங்களா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. நாலு நாள் எழுதுச்சுங்க. ஃபாரத்தில இடம் பத்தாம, எல்.எல்.ஆர். விண்ணப்பத்துக்குப் பின்பக்கமெல்லாம் எழுதிப் பின் அடிச்சு வச்சிருக்குது. ஒண்ணரை வயசில இருந்து ஆரம்பிக்குது. இவ்வளவையும் மனசில வச்சுக்கிட்டு பதினோரு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை பாருங்க. பேசற ஆளே இல்லைங்க அது.

இன்னிக்கு உள்ள கலாமணி மட்டும்தான். என்னைப் பார்த்தாலே பாப்பா தயாராயிருவான்னு மேடம் வெளிய உட்கார வச்சுட்டாங்க.

இருங்க. கேட்குதுங்களா? பேர் சொல்லிக் கூப்பிடறாங்க.

ஒண்ணு.

திரும்பலை. திரும்பியிருந்தா "குட்"னு சொல்வாங்க, அது கேட்கலை. ரெண்டு. அண்ணா, எனக்கே தொண்டை அரிக்குதுங்க. அந்த டப்பாவை இப்படிக் கொடுங்க. மூணாவது தடவை கூப்பிடறாங்க. ஒரு இருமல் போதும். ஒரே ஒரு இருமல், டக்குன்னு திரும்பிருவா.

என் காலைப் பாருங்க. டிரைவிங் ஸ்கூல் வண்டியில நம்ம பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், கத்துக்கிறவங்க தப்புப் பண்ணா நாம மிதிக்கிறதுக்கு. பத்தொம்பது வருஷப் பழக்கம். பெஞ்சில உட்கார்ந்துட்டு மண்ணைப் போட்டு மிதிச்சுட்டிருக்கேன்.

நாலு. விட்டுட்டாங்க. அடுத்ததுக்குப் போயிட்டாங்க.

நீங்க பேசுங்க ஏதாவது. ஃபில்டருக்கு உள்ள இருக்கிற கேண்டில் எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்? ஆறு மாசம். சரி. நம்ம வீட்டில ரெண்டு வருஷமாச்சு.

கதவு திறக்குது. வாங்க மேடம். என்னங்க, பாஸா ஃபெயிலா? சரிங்க, சரிங்க, அப்படிக் கேட்கக் கூடாது, மறந்துட்டேன். அப்படிங்களா. சேலத்துக்கு முழுப் பரிசோதனைக்கு எழுதித் தர்றீங்களா? நாளையில இருந்து பின் ரூமிலயா? ஆறு பேர்தானுங்களே? சத்தம் இருக்காதில்லைங்க? சரிங்க மேடம். கலாமணி உள்ள கையெழுத்துப் போடட்டும், நான் பாப்பாவைப் பார்த்துக்கிறேன்.

இவதான் அண்ணா தாரிகா. உங்களைப் பார்க்க மாட்டா, நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. கை ஆறிட்டு வருது பாருங்க, இந்த ரெண்டு தழும்புதான். வண்டிக்குப் போறதுக்குத்தான் நெளியறா.

ஐயோ, இருமிட்டீங்களா? சரி விடுங்க. எவ்வளவு நேரம்தான் அடக்குவீங்க. அசையாதீங்க. பார்க்கிறா பாருங்க உங்க மூஞ்சியை. ஒண்ணு, ரெண்டு.

இன்னும் மறக்கலைங்க.

இப்ப நின்னுட்டே இருப்பா. டிக் டிக் வரும்னு. போடக் கூடாதுன்னு மேடம் கண்டிச்சுச் சொல்லியிருக்காங்க. இதுக்குன்னு போட்டா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சிருமாம். நல்லாப் புரிஞ்சுதுங்க எனக்கு. நிக்கிறா பாருங்க. கையை வாய்க்குத் தூக்கறா.

அண்ணா, சாவி என்கிட்டத்தான் இருக்குது. மேடம் உள்ள போயிட்டாங்களான்னு மட்டும் எட்டிப் பாருங்க. பத்து செகண்டுதான்.